பச்சை எரியுதே

"ஒரு கை பிடிங்க மாப்ளே," என்று தங்கை கணவரிடம் சொல்லிவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைத் தூக்கினார் மூத்த மகன். பாய்லர் ஓட்டும் அவர் எல்லோருக்கும் ஆபரேட்டர்தான். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. உயிர் போன அப்பாவை அப்போதுதான் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வருகிறவர்கள் உட்கார அறையில் இடம் வேண்டும்.

கட்டில் எழும்பியதுதான் தாமதம், மூலையில் இருந்த ஆக்சிஜன் மெஷினின் தண்ணீர் பாட்டில் களகளவென்று குமிழி விட ஆரம்பித்தது. மெஷினை அணைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். கட்டில் கால் நின்ற இடத்தில் குழாய் தட்டையாக நசுங்கிக் கிடந்தது.

காலையில் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தியது அவரேதான். அப்பா வெளிச்சம் கேட்டார், பாவம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியது. "என்னங்க, பாட்டில்ல குமிழியக் காணோமே," என்றாள் மனைவி.

"பச்சை எரியுதே, கண்ணு தெரியலையா? இத்தனை வருஷமா பாய்லர் ஓட்டுறவனுக்கு நீ சொல்லித் தரியா?" என்று எரிந்து விழுந்தார். டாக்டரைக் கூப்பிட எடுத்த போனை அவள் கீழே வைத்துவிட்டாள்.

பாய்லர் அறையில் பச்சை விளக்கு எரிந்தால் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். இந்தப் பாழாய்ப்போன பெட்டியில் பச்சை எரிந்தால் கரண்ட் இருக்கிறது, அவ்வளவுதான். படுபாவி, அந்தப் பாட்டிலை ஒரு தரம் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா!

தங்கை அழுதுகொண்டே உள்ளே வந்தாள். "அண்ணன் இருக்கப் போய்த்தான் அப்பா இவ்வளவு நாள் தாங்கினாரு. மெஷின்னா அண்ணன் சொன்னபடி கேக்கும்."

மனைவி கதவோரம் நின்று அவரையே பார்த்தாள். காட்டிக் கொடுக்க மாட்டாள். அதுதான் நெஞ்சை அறுத்தது. வாயை மூடிக்கொண்டால் ஆயுசுக்கும் நல்ல பிள்ளை.

தலையணைமேல் கிடந்த மூக்குக் குழாயை எடுத்தார். "கையக் காட்டும்மா."

"எதுக்குண்ணா?"

"காட்டேன்."

உள்ளங்கைக்கு நேரே குழாயைப் பிடித்தார். "காத்து வருதா?"

"வருதே. ஜில்லுனு நல்லாவே வருது."

"இப்பதான் வருது."

அவளுக்குப் புரியவில்லை. அண்ணன் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் கண் போன வழியே தரையில் நசுங்கிக் கிடந்த குழாயைப் பார்த்தாள். மாப்பிள்ளை மெதுவாக வெளியே போனார்.

மனைவி வந்து மெஷினை அணைத்தாள். பாட்டில் அடங்கியது. நீட்டிய கையைத் தங்கை இன்னும் மடக்கவில்லை.