இரண்டாம் கியரின் உதை

காரை எடுத்துப்போக மச்சான் என்னைக் கேட்கவில்லை. அவரிடம் ஒரு சாவி இருந்தது, அவர் தங்கை, என் மனைவி, கொடுத்தது. அவள் இறந்து எட்டு மாதம். அத்தனை நாளும் கார் வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரக் கூரையின் கீழே நின்றது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஹாரன் அடித்தது.

"மாப்ளே, ஏறு. உனக்கு ஒண்ணு காட்டணும்."

இரண்டு கதவு, ஆறு சிலிண்டர், ஆட்டோமேட்டிக் கியர். என்னைவிட வயதில் மூத்த வண்டி. அவள் அதைக் காயலான் கடைக்குப் போகும் நிலையில் வாங்கினாள். கியர்பாக்ஸைத் தனியாகப் பிரித்தாள், தனியாகப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில், கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில், நானூறு மீட்டரை நேரம் குறித்து ஓட்டுவாள். நான் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்திருப்பேன்.

மச்சான் மிதித்தார். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறியது. மாறியதே தெரியவில்லை.

"பாத்தியா? வெண்ணெய் மாதிரி போகுது."

எஞ்சின் சத்தம் ஏறியது. காரின் வேகம் ஏறவில்லை. அரை விநாடி கழித்துத்தான் இழுத்தது. அவள் ஓட்டினால் இரண்டாம் கியர் முதுகில் உதைக்கும். என் பின்மண்டை சீட்டில் இடிக்கும். அவள் சிரிப்பாள்.

"என்ன பண்ணீங்க மச்சான்?"

"கியர் ஆயில் மாத்தினேன். உள்ள இருந்ததை ஒரு சொட்டு விடாம மெஷின் வச்சு எடுத்துட்டாங்க. புது ஆயில், எல்லா ஆட்டோமேட்டிக் வண்டிக்கும் ஒத்துக்குமாம்."

"யாரைக் கேட்டு மாத்தினீங்க?"

"ஓடாம கிடந்தா வண்டி செத்துடும்டா." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நிறுத்துங்க."

"மாப்ளே..."

"நிறுத்துங்கன்னேன்ல!"

ஓரமாக நிறுத்தினார். ஆயில் மாற்றிய கடை இரண்டு தெரு தள்ளி என்றார். நடந்தேன். மச்சான் தொப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தார்.

'இருபது நிமிடத்தில் ஆயில்' என்று பலகை. உள்ளே வரிசையாக டின்கள். கடைக்காரர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார்.

"காலைல ஒரு பழைய கார் வந்துச்சே, அதுக்கு என்ன ஊத்தினீங்க?"

எடுத்துக் காட்டினார். புது வகை.

"உள்ள இருந்தது என்னன்னு பாத்தீங்களா?"

"அதுவும் சிவப்புதான், இதுவும் சிவப்புதான் சார்."

"சிவப்பா இருந்தா ஊத்திடுவீங்களா? அது சாயம்யா. கசிஞ்சா தெரியறதுக்குப் போடற சாயம். அது ஒரு குணம், இது ஒரு குணம். அந்தக் காலத்து கியர்பாக்ஸ்ல ஒரு கிளட்ச் பிளேட்டு இன்னொண்ணைக் கவ்வணும். நீங்க ஊத்தினது கவ்வ விடாது. வழுக்கும். வழுக்கினா சூடாகும். சூடானா பிளேட்டு கருகும். உங்களுக்கு அது ஸ்மூத்து!"

ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை. எல்லாம் அவள் சொன்னது. சாப்பிடும்போது சொல்வாள், நான் போனைப் பார்த்துக்கொண்டு 'ம்' போடுவேன்.

"ஆயில் அளவு பாக்கற கம்பில ஒரு தகரம் தொங்கிச்சே. அதைக்கூடவா படிக்கல?"

அந்தத் தகரத்தை நானும் படித்ததில்லை. தொங்கும் என்று மட்டும் தெரியும்.

கடைக்காரர் மேஜை இழுப்பறையைத் திறந்து அதை எடுத்து வைத்தார். தீப்பெட்டி அளவு. எழுத்துகளைச் சுத்தியலால் அடித்துப் பதித்திருந்தாள்: 'கேட்காமல் ஊற்றாதே.' அதன் கீழே அவளுடைய போன் நம்பர். அது ஆணியால் நீளமாகக் கீறி அடிக்கப்பட்டிருந்தது. அதற்கும் கீழே இன்னொரு நம்பர், புதிதாக அடித்தது. என்னுடையது.

"மூணு தடவை கூப்பிட்டோம் சார். ரிங் போகுது, யாரும் எடுக்கல. இவர்தான் பரவாயில்ல ஊத்துங்கன்னாரு."

மச்சான் தரையைப் பார்த்தார். "நான் மட்டும் எட்டு மாசத்துல எத்தனை தடவை கூப்பிட்டிருப்பேன்? நீ எடுத்தியா? யாரைக் கேக்கச் சொல்ற?"

போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது நாற்பது. நாற்பத்து மூன்று. ஐம்பத்தைந்து. மூன்று முறையும் அது மேஜைமேல் நடுங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை கவிழ்த்து வைத்தேன்.

அவளுக்கு ரத்தத்தில் நோய். தெரிந்தபின் ஆறு வாரம் இருந்தாள். அந்த ஆறு வாரத்தில் ஒரு நாள், எனக்குத் தெரியாமல், சுத்தியலை எடுத்திருக்கிறாள்.

மேஜையை ஓங்கிக் குத்தினேன். பேனா மூடி உருண்டு விழுந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியவில்லை. தகரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அந்த ஆயிலோடு காரை இனி ஓட்டக்கூடாது. நியூட்ரலில் போட்டுத் தெருக்கோடி பட்டறைவரை தள்ளினோம். மச்சான் மூச்சிரைத்தார். "வெண்ணெய்னு சொன்னதுக்கு இந்தத் தண்டனையா?"

பட்டறை மெக்கானிக்குப் பட்டப்பெயர் ஒத்தக்கண்ணாடி. கண்ணாடியில் ஒரு பக்கம் வில்லை விழுந்து வருஷக்கணக்காகிறது, மாற்றவில்லை. காரைத் தூக்கி கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினார். தட்டில் இரும்புத் தூளைப் பிடிக்கும் காந்தத்தை விரலால் வழித்தார். கறுப்புப் பசை. முகர்ந்தார்.

"லேசா கருகியிருக்கு. எவ்வளவு தூரம் ஓட்டினீங்க?"

"ஒரு பத்து கிலோமீட்டர்," என்றார் மச்சான்.

"இப்ப எதை ஊத்தறதுன்னு நீங்க சொல்லணும் சார். உங்க வீட்டம்மா பாடி வேலை எல்லாம் இங்கதான் பண்ணாங்க, பாக்ஸை மட்டும் என்னைத் தொட விடல. பழைய பிளேட்டு போட்டிருந்தா டைப் எஃப் ஆயில்தான் ஊத்தணும். கவ்வும். புது மாதிரி பிளேட்டு போட்டிருந்தா இப்ப இருக்கறதே போதும், கோளாறு வேற எங்கயோ. தப்பா சொல்லிட்டீங்கன்னா மிச்சமும் போயிடும். உள்ள என்ன இருக்கு?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது கேக் தட்டு நினைவுக்கு வந்தது.

புது பிளேட்டுகளைப் பூட்டுவதற்குமுன் ஆயிலில் ஊறப்போட வேண்டுமாம். நான் கேக் சுட வைத்திருந்த ஒரே தட்டில் ஊறப்போட்டாள். அன்று பெரிய சண்டை. "அடுப்படில எதுக்குடி இந்தக் கண்றாவி?" என்று கத்தினேன். அவளும் கத்தினாள். "ஒரு கிழவன் கடைல இருந்து தோண்டி எடுத்துட்டு வந்திருக்கேன். எட்டே பிளேட்டு, பழைய ஸ்டாக், இனி எங்கயும் கிடைக்காது. டைப் எஃப் தவிர எதையும் இதுக்குக் காட்டக்கூடாது. உன் கேக்கைத் தூக்கிக் குப்பைல போடு!"

'ம்' போட்டுக் கேட்டதெல்லாம் அரைகுறை. கத்திக் கேட்டது மட்டும் முழுதாக நின்றது.

"பழைய பிளேட்டு. டைப் எஃப் ஊத்துங்க."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

ஒரு தடவை வடித்தால் போதாது, உள்ளே பாதி தங்கிவிடும் என்றார். ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, மறுபடி ஊற்றினார். எஞ்சின் சூடாக ஓடும்போதே கம்பியை உருவி அளவு பார்த்தார். நான் தகரத்தைக் கம்பியில் கட்டினேன். கம்பி கையைச் சுட்டது.

"பிளேட்டுக்கு ஆயுசு பாதிதான் இனி," என்றார். "மெதுவா ஓட்டுங்க."

நான் ஓட்டினேன். மச்சான் பக்கத்தில் உட்கார்ந்தார். பட்டறை தாண்டியதும் ஒரே மிதி. இரண்டாம் கியர் உதைத்தது. மச்சானின் பின்மண்டை சீட்டில் இடித்தது.

"என்னடா இது, இடிக்குது!"

"இடிக்கணும்," என்றேன்.