பதினேழாம் அடுக்குப் புழுக்கை

கிடங்கின் வடக்குச் சுவரோரம் மருந்துக்காரர் முழங்காலிட்டு, டார்ச் வெளிச்சத்தைத் தரையோடு தரையாகப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முழம் தள்ளி அவருடைய நாய் சாம்பி எதையோ மென்றுகொண்டிருந்தது. காலை எட்டரை மணி. கதவைத் திறந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு நாய் அவ்வளவு நிதானமாக மென்று தின்னும்படி அங்கே எதுவும் கிடையாது. கோதுமை மூட்டைகள், அவற்றுக்கு அடியில் மரச்சட்டங்கள், சந்துகளில் அவர் வைத்த விஷ வில்லைகள், அவ்வளவுதான். வில்லையைத்தான் கவ்விவிட்டதோ என்று பதறிப்போய் அதன் தாடையைப் பிடித்துத் திறந்தார். நாக்கின் மேல் பாதி கரைந்த உருண்டை ஒன்று இருந்தது. புழுக்கை. அவர் விரல் போவதற்குள் சாம்பி அதை விழுங்கிவிட்டது. விழுங்கியதோடு விடாமல் சிமென்ட் தரையில் அது கிடந்த இடத்தையும் நக்கியது, அந்த இடம் மட்டும் கழுவிவிட்டதுபோல் ஆகும்வரை.

"சீ! உனக்குச் சோறு போடலியா?" என்றார்.

சாம்பி அவர் முகத்தைப் பார்க்காமல் மூட்டைகளின் பதினேழாம் அடுக்கின் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

எலிக்கு வைப்பது விஷம் என்றாலும் அதை மருந்து என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வைக்கிறவருக்கும் அதுவே பெயராகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாக அவருக்குச் சோறு போடுவது புழுக்கைதான். மிருகத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை; அது போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தால் என்ன இனம், எத்தனை, நேற்று வந்ததா, முந்தாநாள் வந்ததா என்று சொல்லிவிடுவார். சுண்டெலியுடையது கறுத்த அரிசி. பல்லி போட்டதன் நுனியில் வெள்ளை இருக்கும். வௌவால் போட்டதை நசுக்கினால் பூச்சி இறகு மினுங்கும். "ஜோசியக்காரன் கையப் பாத்துச் சொல்லுவான், எங்க வீட்டுக்காரர் பீயப் பாத்துச் சொல்லுவாரு" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்துப் பெண்களிடம் சொல்லிச் சிரிப்பாள். கிழிந்த மூட்டைகளைக் கோணி ஊசியால் தைப்பது அவள் வேலை. கிடங்கை ஒட்டிய இரண்டு அறைகள்தான் அவர்கள் வீடு.

மூன்று வாரமாகக் கிடங்கில் ஒரு எலிப் புழுக்கைகூட இல்லை. வில்லைகள் வைத்தது வைத்தபடி கிடந்தன. மேனேஜர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். மருந்துக்காரருக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மருந்து தின்று சாகிற எலி எங்காவது நாறும். எதுவும் நாறவில்லை. எலிகள் சாகவில்லை, போய்விட்டன.

இரண்டு நாள் கழித்து சாம்பிக்கு முந்திக்கொண்டு ஒன்றை எடுத்துவிட்டார். பதினேழாம் அடுக்கின் ஓரத்தில் கிடந்தது. புளியங்கொட்டை அளவு, சாம்பல் நிறம். பிய்த்துப் பார்த்தார். முடி இல்லை, தானியம் இல்லை, பூச்சி இறகு இல்லை. மூக்கருகே கொண்டுபோனார். பால் வாடை அடித்தது. தன் வாழ்நாளில் முதல் முறையாக, கையில் இருப்பது எதனுடையது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் சாம்பியின் வாயில் பார்த்தது கட்டைவிரல் பருமன் இருந்தது.

மனைவியிடம் சொன்னபோது அவள் தைத்துக்கொண்டிருந்த மூட்டையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பசிக்குத் தின்னுது. விடுங்களேன்."

"மருந்து வெச்ச எடம்டி. அதோட வயித்துக்குள்ள என்ன போகுதுன்னு யாருக்குத் தெரியும்?"

"போனா போகுது. அதுக்கு இனிமே என்ன இருக்கு?" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் அவள் கையில் நூல் அறுந்தது.

எதைச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். நான்கு மாதத்துக்கு முன் சாம்பி ஐந்து குட்டி போட்டிருந்தது. கிடங்கில் நாய்க்கூட்டம் கூடாது என்று மேனேஜர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒரு மத்தியானம் மருந்துக்காரர் குட்டிகளை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, செங்கல் சூளைக் காவல்காரர் வளர்க்க வாங்கிக்கொண்டார் என்றார். "அஞ்சையுமா?" என்று கேட்டாள். "அஞ்சையும்" என்றார். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மறுநாள் சாம்பியைக் கயிற்றில் கட்டி மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டாக்டரம்மா கலகலப்பானவர். விஷம் ஏறின அறிகுறி ஒன்றும் இல்லை என்று ஈறையும் கண்ணையும் பார்த்துச் சொன்னார்.

"நாய் ஏன் அடுத்தது போட்டதத் தின்னுதுன்னு வாரத்துக்கு நாலு பேர் வந்து கேக்கறாங்க. சிலதுக்குச் சத்து பத்தாது. சிலதுக்கு வயித்துல பூச்சி. ஆட்டுப் புழுக்கை, குதிரைச் சாணின்னா அதுல பாதி செரிச்ச தீனி இருக்கும், இதுங்களுக்கு அது பலகாரம் மாதிரி. சிலது சும்மா பொழுது போகாமயும் தின்னும்." சாம்பியைப் புரட்டிப் போட்டார். "குட்டி போட்ட நாய்தான் வேற கதை. குட்டிங்க போறத எல்லாம் தாயே தின்னுரும். வாடை இருந்தா இங்க குட்டி இருக்குன்னு எதிரிக்குத் தெரிஞ்சிரும் பாருங்க. தடயமே இல்லாமப் பண்ணிரும்."

"எதிரின்னா யாருங்க?"

"காட்டுல நரி, கழுகு. வீட்டுல யாருன்னு அதுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தவர், காம்பை அழுத்தியதும் சிரிப்பை நிறுத்தினார். வெள்ளையாகப் பால் பீச்சியது. "குட்டிக்கு எத்தன மாசம்?"

"குட்டி இல்லீங்க. நாலு மாசம் முன்னாடியே குடுத்தாச்சு."

"குட்டியே இல்லாமலும் பால் சுரக்கும், அது ஒண்ணும் அதிசயமில்ல. ஆனா இது தேங்கி நிக்கிற பால் இல்லையே. இங்க பாருங்க, காம்பச் சுத்திப் பல்லு பட்டிருக்கு. யாரோ குடிக்கிறாங்க." அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாய்க்குட்டிப் பல்லு இவ்ளோ நெருக்கமா இருக்காதே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து கையைக் கழுவப் போனார். இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார்.

அன்று சாயங்காலம் கிடங்கை மூடுமுன் பதினேழாம் அடுக்கைச் சுற்றிச் சுண்ணாம்புத் தூளைச் சலித்துத் தூவினார். எது வந்தாலும் கால் பதியும். இருபத்திரண்டு வருடத்தில் அந்தத் தூள் அவரை ஏமாற்றியதே இல்லை. காலையில் கதவைத் திறந்தபோது தரை சுத்தமாக இருந்தது. நக்கிய சுத்தம் இல்லை, பெருக்கிய சுத்தம். கிடங்குச் சாவி வீட்டில் ஆணியில்தான் தொங்கியது. அவர் வீட்டுக்குப் போய்க் கதவு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்துப் பார்த்தார். நுனி வெளுத்திருந்தது.

மனைவி வாசலில் சாக்குகளைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். அவர் விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்த்து, "கேக்கணும்னா கேளுங்க" என்றாள்.

"அடுக்குக்குள்ள என்ன இருக்கு?"

"நான் பாக்கல. இருட்டு. கைய மட்டும்தான் விட்டேன்."

"கைய விட்டியா?"

"நக்குச்சு." அவள் வலது கையை மடியில் வைத்து இடது கையால் மூடிக்கொண்டாள். "அஞ்சுல ஒண்ணு தேடிப்பிடிச்சு வந்திருச்சுங்க."

"அது நாய் இல்ல. நாய்ப் பீ எனக்குத் தெரியாதா? சூளை எங்க இருக்கு, அங்கேருந்து எப்படி..."

அவள் கோணி ஊசியைத் தூக்கி அவர் முன்னால் பிடித்தாள். "அன்னிக்கு இதுல ரெண்டு முழம் நூல் கோத்து வெச்சிருந்தேன். நீங்க போனப்புறம் எடுத்தா ஒரு சாண்தான் மிச்சம். வளக்கக் குடுக்குற குட்டிய யாருங்க சாக்கு வாயத் தச்சு எடுத்துட்டுப் போவாங்க?"

தைப்பவளிடம் நூலை மறைக்க முடியாது என்பது அவருக்கு நான்கு மாதம் தோன்றவே இல்லை. வெயிலில் நின்றபடி அந்த ஆற்றுப் பாலத்தை நினைத்தார். சாக்கு கைக்குள் நெளிந்ததும், கைப்பிடிச் சுவருக்கு மேல் நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை விட்டதும் நினைவு வந்தது. கீழே தண்ணீர்ச் சத்தம் கேட்டதா, சேற்றில் விழுந்த சத்தமா என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

"தண்ணி ஓரத்துலயாவது போட்டீங்களா?" என்றாள்.

"ஓரத்துலதான்" என்றார்.

அவள் மறுபடி தைக்க ஆரம்பித்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். வருடாந்தரச் சோதனை. ஒரே ஒரு புழுக்கை கண்ணில் பட்டாலும் அடுக்குகளைப் பிளாஸ்டிக் போர்த்தி, கதவிடுக்கை மண்ணால் மெழுகி, ஏழு நாள் விஷப்புகை போட்டுவிடுவார்கள். அந்தப் புகையில் எதுவும் மிஞ்சாது. சோதனை முடியும்வரை நாய் கண்ணில் படக்கூடாது என்று மேனேஜர் சொல்லியிருந்ததால் சாம்பியைப் பின்கட்டில் கட்டியிருந்தார். அது குரைக்கவில்லை. கயிறு விறைக்கும்வரை முன்னால் வந்து, கிடங்குச் சுவரையே பார்த்தபடி ஆடாமல் நின்றது. மனைவி அதன் அருகில் குந்தி அமர்ந்திருந்தாள்.

அதிகாரியும் மேனேஜரும் கிடங்குக்குள் வருவதற்குக் கால்மணி நேரம் முன்னதாக மருந்துக்காரர் தனியாக உள்ளே போனார். பதினாறு அடுக்கும் சுத்தம். பதினேழின் முன்னால், வெறும் தரையில், அது கிடந்தது. இன்றைக்கு ஒரு குழந்தையின் கை முஷ்டி அளவு இருந்தது. இதைப் பார்த்தும் சொல்லாமல் விட்டால் அவருடைய தொழில் அவ்வளவுதான். பார்த்ததைப் பார்த்தேன் என்று சொல்வதைத் தவிர அந்தத் தொழிலில் வேறு ஒன்றுமே இல்லை. வாசலில் மேனேஜரின் செருப்புச் சத்தம் கேட்டது. மருந்துக்காரர் குனிந்தார். அள்ள ஒரு காகிதம்கூட இல்லை. வெறுங்கையால் எடுத்து, விரல்களை மூடி, கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மூட்டைகளை ஒட்டி நின்றார். கைக்குள் அது சூடாக இருந்தது.

அதிகாரி டார்ச் அடித்துத் தரையையும் சந்துகளையும் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். "பால் வாடை மாதிரி இல்ல?"

"புதுக் கோதுமை சார். அப்படித்தான் இருக்கும்" என்றார் மருந்துக்காரர்.

"உங்க கண்ணுல ஏதாவது பட்டுச்சா?"

"ஒண்ணும் இல்ல சார்."

"இவரு சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றார் மேனேஜர். அதிகாரி படிவத்தைப் பக்கத்து மூட்டையின் மேல் வைத்து, பேனாவை உதறி எழுதத் தொடங்கினார். மருந்துக்காரர் அந்தப் பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால், இரண்டு மூட்டைகளுக்கு நடுவிலிருந்த சந்திலிருந்து, வெதுவெதுப்பான மூச்சு ஒன்று அவர் மணிக்கட்டில் பட்டது. பிறகு ஏதோ ஒன்று, கொஞ்சமும் அவசரமில்லாமல், மூடியிருந்த விரல்களைச் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தது.