வெள்ளையில் எழுதிய வெள்ளை

“நம்ம வெப்சைட்டு மொதப் பக்கத்துல வந்திருக்குக்கா! இத்தன நாளா ஆறாவது பக்கத்துல கெடந்தது, இப்ப மூணாவது எடம்—”

“நடுத்தெருவுக்கு வந்திருக்குன்னு சொல்லு.”

“நான் சொல்றதக் கொஞ்சம்—”

“நீ சொன்னதெல்லாம் போதும். செஞ்சதப் பாத்துட்டுத்தான் கூப்பிட்டேன். உக்காரு. அங்க வேணாம், வெள்ளத் துணி இருக்கு. நில்லு.”

தம்பி நின்றான். படிவம் நிரப்புவது, டிக்கெட் எடுப்பது, போட்டோவில் இருப்பவருக்கு இல்லாத கோட்டை மாட்டிவிடுவது என்று ஒரு கம்ப்யூட்டரை வைத்துப் பிழைக்கிறவன். பாராட்டக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்திருந்தான். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக வடியவில்லை.

அக்கா தையல்காரி. ஆனால் சட்டை, பாவாடை தைக்கிறவள் இல்லை. நோய்க்கு ஒரு மார்பைக் கொடுத்துவிட்டு வந்த பெண்களுக்கு, உள்ளாடைக்குள் வைத்துக்கொள்ள இன்னொன்றைத் தைத்துக் கொடுப்பவள். வெறும் பஞ்சை அடைத்தால் நடக்க நடக்க மேலே ஏறிவிடும். அதனால் அடியில் பொடிக் கண்ணாடி மணிகளைத் தனிப் பையில் தைத்து, தராசில் நிறுத்து, மற்றதன் கனத்துக்குக் கொண்டுவந்துவிடுவாள். கனம் சரியாக இல்லாவிட்டால் தோள் ஒரு பக்கம் சாயும், பார்க்கிறவன் கண் அங்கேதான் போகும். வருகிற பெண்கள் அதற்குப் பேர் சொல்ல மாட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு, “சோடி வேணும்” என்பார்கள். அவளும் “சோடிதானே, தச்சிடலாம்” என்பாள். பதினோரு வருஷமாக இந்த அறையில் அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்பட்டதில்லை.

அவர்களை அனுப்பி வைத்தவள் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. சின்னச் சீட்டில் நம்பரை எழுதி உள்ளங்கையில் வைத்து அழுத்திவிடுவாள். அந்த நர்ஸ் மாற்றலாகிப் போனதும் சீட்டு நின்றது, ஆட்கள் வருவதும் நின்றது. தேவை நின்றுவிடவில்லை என்பது இவளுக்குத் தெரியும். எங்கேயோ யாரோ பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கட்டியபடி நடக்கிறாள். அவளுக்கு இந்த அறை இருப்பது தெரியவில்லை. அதற்காகத்தான் தம்பியிடம் வெப்சைட் கேட்டாள்.

செய்து கொடுத்தான். ஆறு மாதம் ஈ காக்கை வரவில்லை. “தேடினா நாம வரணும்க்கா, அதுக்கு ஒரு வேல இருக்கு” என்று நூற்று முப்பது இணைய டைரக்டரியில் கடையைப் பதிந்தான். பத்து நாளாகப் போன் நிற்கவே இல்லை.

முதலில் கூப்பிட்டவனுக்கு அவள் பொறுமையாக எல்லாம் விளக்கினாள். பஞ்சு எப்படி, துணி எப்படி, கையால்தான் கசக்கித் துவைக்க வேண்டும், வெயிலில் காயப் போடக் கூடாது. அவன் ஒவ்வொன்றுக்கும் “அப்புறம்?” என்றான். மனைவிக்காகக் கேட்கிறான், நல்ல மனுஷன் என்று நினைத்தாள். ஐந்தாறு நிமிஷம் கழித்துத்தான் அந்த “அப்புறம்” எதற்கு என்று புரிந்தது. அன்று காதைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு வந்தவர்கள் அந்தச் சுற்றுவழிகூடப் போகவில்லை. படம் அனுப்பு என்றான் ஒருவன். போட்டுக் காட்டுவீங்களா என்றான் ஒருவன். மூச்சை மட்டும் விட்டான் ஒருவன். போனைத் தொடும்போதெல்லாம் எவனோ துப்பிய இடத்தில் கை வைப்பது போல இருந்தது.

காரணம் இன்று காலையில்தான் தெரிந்தது. வெப்சைட்டில் நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனவள், மவுஸை அழுத்தியபடி கீழே இழுத்துவிட்டாள். வெறும் வெள்ளையாகக் கிடந்த இடம் நீலமானது. கல்லைப் புரட்டினால் புழு நெளிவது போல அதற்குள்ளிருந்து எழுத்துகள் எழுந்தன. வரி வரியாக. சில வார்த்தைகளை அவள் பொதுக் கழிப்பறைச் சுவரில் மட்டுமே பார்த்திருக்கிறாள். அவற்றுக்கு மேலே, அவளே யோசித்து யோசித்து எழுதிக் கொடுத்த வரி: ‘பரிவுடன் தைத்துத் தரப்படும்.’

“அது மனுஷங்களுக்கு இல்லக்கா. தேடுற மிஷின் படிக்கிறதுக்கு. வெள்ளையில வெள்ள எழுத்து, கண்ணுக்கே தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாத எடத்துலதான்டா அழுக்கு சேரும்.”

“நீ சொன்ன சோடிய வெச்சா செருப்புக் கடதான் வருது. நான் என்ன பண்ண?”

“டாக்டருங்க சொல்ற பேரு இருக்குல்ல?”

“அதுவும் போட்டேன். மாசத்துக்கு ஒம்பது பேரு தேடுறாங்க. மத்த வார்த்தைக்கு லட்சம்.”

“அந்த ஒம்பது பேருதான்டா எனக்கு வேணும்!”

தம்பி விவரத்துக்குப் போனான். மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் அதுதான் அவன் வழக்கம். டைரக்டரியில் எந்த வகை என்று கேட்பார்களாம், லிஸ்ட்டில் இருப்பதில்தான் ஒன்றைத் தொட வேண்டுமாம், மருத்துவத்தைத் தொட்டால் லைசென்ஸ் நம்பர் கேட்கிறதாம், அதனால் ‘பெண்கள் அந்தரங்க’த்தைத் தொட்டானாம்.

“தொட்டானாம்! இன்னிக்கே எடு.”

“நம்ம பக்கத்துல அழிச்சிடறேன். மத்த சைட்டுக்காரன் எடுத்துப் போட்டது அவன் இஷ்டம். நீ பேசாம நம்பர மாத்திடுக்கா.”

“மாத்துறேன். பதினோரு வருஷமா வாங்கினவ உற கிழிஞ்சா யாரக் கூப்பிடுவா? உன்னையா?” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நேத்து மத்தியானம் ஒருத்தன். மத்தவனுங்களாவது பச்சையாப் பேசுறானுங்க. இவன் பம்முறான். ‘வீட்டுல தூங்குறாங்க, அவங்களுக்குத் தெரிய வேணாம், நான் கையால அளவு பாத்துச் சொல்லட்டுமா’ங்கிறான். வந்த ஆத்திரத்துல ‘அறுத்துக் கையில குடுத்துடுவேன்டா நாயே’ன்னேன். இன்னும் சொன்னேன். உனக்கு வேணாம்.”

“அவன் என்ன சொன்னான்?”

“என்ன சொல்லுவான்? ‘சரிங்கம்மா’ன்னுட்டு வெச்சுட்டான். கேட்டதப் பாரு, ‘ஒண்ணு மட்டும் கெடைக்குமா’ன்னு—”

சொல்லி முடிக்கவில்லை. தம்பி தலையை நிமிர்த்தினான்.

“ஒண்ணாக்கா?”

மற்றவன்கள் எவனும் ஒன்று கேட்டதில்லை. மற்றவன்கள் எவனும் சரிங்கம்மா சொன்னதில்லை. திட்டத் திட்டச் சிரித்தான்கள், இன்னும் திட்டச் சொன்னான்கள். அவள் மெஷின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அறுத்து என்றா சொன்னேன்? ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்தவள் தூங்கும் அந்த வீட்டைப் பார்த்தா அந்த வார்த்தையைச் சொன்னேன்? நாக்கில் கசப்பு ஏறியது. உள்ளே போய் வாயைக் கொப்பளித்தாள், மறுபடி கொப்பளித்தாள். தம்பி எழுதி வைத்தது வெப்சைட்டில் கிடந்தது. இவள் சொன்னது ஒருவன் காதுக்குள் போயிருந்தது. இவளையும் எந்த வகையில் சேர்ப்பது?

திரும்பி வந்து, போனில் வரவிடாமல் தடுத்து வைத்த நம்பர்களைத் திறந்தாள். இருபத்து மூன்று. நேற்றுப் பகல் இரண்டு பத்துக்கு வந்தது ஒன்றே ஒன்று. தம்பி, “நான் பேசட்டுமாக்கா?” என்றான். அவள் கையை ஆட்டித் தடுத்துவிட்டு, தானே அந்த நம்பரை அழுத்தினாள்.

முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தடவை, ஓயப் போகிற நேரத்தில் எடுத்தார்கள். பெண் குரல். பாதியில் இளைப்பாறி இளைப்பாறி வரும் குரல். இந்தக் குரலை அவள் திரைக்குப் பின்னால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

“அவரு... நேத்துலேருந்து போனத் தொடவே மாட்டேங்கிறாரு. கேட்டாலும் சொல்ல மாட்டேங்கிறாரு. நீங்க யாரு?”

மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்றுதானே அந்த மனுஷன் கேட்டான். அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

“நான் தையக்காரிம்மா. நேத்து உங்க வீட்டுக்காரர் கேட்டத நான் சரியாக் காதுல வாங்காம விட்டுட்டேன், தப்பு என்னோடதுதான், நான் கூப்பிட்டேன்னு அவர்கிட்ட சொல்லுவீங்களாம்மா?”