கடைசித் தேதி

காலை ஐந்தரைக்கு ஜெஸ்லின் வகுப்பைத் தொடங்கும்போது எதிரே மூன்று திரைகள் இருக்கும். நடுவில் மடிக்கணினியில் யூடியூப். இடப்பக்கம் ஒரு போனில் பேஸ்புக். வலப்பக்கம் இன்னொரு போனில் இன்ஸ்டாகிராம். மூன்றிலும் தெரிவது அவள் முகம்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு ஆட்கள், வேறு வேறு கேள்விகள். அரசு வேலைத் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தமிழும் பொது அறிவும் சொல்லிக்கொடுக்கிற இலவச வகுப்பு அது. பால் கறந்துவிட்டு வந்து உட்காருகிறவர்களும், மில்லில் இரவு வேலை முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டே கேட்கிறவர்களும் அதில் உண்டு.

தொடங்கியபோது யூடியூப் மட்டும்தான் இருந்தது. நானூறு பேர் சேர்ந்திருந்தார்கள். அதற்கு மேல் ஏறவே இல்லை. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் கணவன் பிரவின்ராஜ்தான் ஒருநாள் சொன்னான்: "ஒரே எடத்துல கடை போட்டா அந்தப் பக்கம் போறவன் மட்டும்தான் பாப்பான். எல்லா ரோட்டுலயும் போடணும்ட்டி." ஒரே நேரத்தில் மூன்று இடங்களுக்கும் போகிற மாதிரி ஏதோ ஒரு மென்பொருளை அவனே ஏற்றிக்கொடுத்தான். தினமும் வகுப்பிலிருந்து அரை நிமிடம், ஒரு நிமிடம் வெட்டி, எழுத்துப் போட்டு, மூன்றிலும் விட்டான். ஏழு மாதத்தில் நானூறு ஆறாயிரம் ஆயிற்று.

ஆட்கள் கூடக்கூட ஜெஸ்லினுக்கு நிம்மதி குறைந்துகொண்டே வந்தது. நேற்று இருநூற்றுப் பத்துப் பேர் நேரலையில் இருந்து இன்று நூற்றெண்பது என்றால், எங்கே சறுக்கினோம் என்று பகல் முழுக்க யோசிப்பாள். கேள்விக்குப் பதில் சொல்ல ஐந்து நொடி தாமதித்தால் ஆள் போய்விடுகிறான் என்று பிரவின்ராஜ் கணக்குக் காட்டியிருந்தான். அதனால் கேள்வி கண்ணில் பட்டவுடன் பதில் சொல்லப் பழகிக்கொண்டாள். ஒரு வாய், மூன்று திரை. சில நாள் வகுப்பு முடிந்து எழுந்தால் கழுத்து திரும்பாது.

அந்த நவம்பரில் அலுவலக உதவியாளர் வேலைக்கு ஒரு அறிவிப்பு வந்தது. படிப்பு பத்தாம் வகுப்பு போதும். அதனால் வகுப்பில் பாதிப் பேர் அதற்குத்தான் காத்திருந்தார்கள். பதினெட்டாம் தேதி காலையில் மூன்று திரையிலும் ஒரே நேரத்தில் கேள்வி கொட்டிக்கொண்டிருந்தபோது யாரோ கடைசித் தேதி கேட்டார்கள். ஜெஸ்லின் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "இருபத்தேழு வரைக்கும் டைம் இருக்கு மக்கா. ஒருத்தரும் அவசரப்பட வேண்டாம். சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒழுங்கா எடுத்து வச்சிட்டு நிதானமாப் போடுங்க. வேலை எங்கயும் ஓடிராது."

அந்தச் சிரிப்பு நன்றாக வந்திருக்கிறது என்று பிரவின்ராஜ் அதையே வெட்டிப் போட்டான். அவர்கள் போட்டதிலேயே அதிகம் ஓடியது அதுதான். இரண்டு நாளில் ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ஆறாம் நாள் ஒரு லட்சத்து எண்பதாயிரம். வகுப்பில் சேர்ந்தவர்கள் மொத்தம் பத்தொன்பதாயிரம் ஆனார்கள். பிரவின்ராஜ் கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் போனைத் திருப்பிக் காட்டினான்.

இருபத்துநாலாம் தேதி பகல் பதினொன்றரை மணிக்கு, மறுநாள் பாடத்துக்காக அந்த அறிவிப்பை மறுபடி திறந்தாள் ஜெஸ்லின். நாலாம் பக்கத்தில் ஒரு கட்டம். விண்ணப்பிக்கக் கடைசி நாள்: 24, மாலை 5.45. அதற்குக் கீழே, விண்ணப்பத்தில் பிழை திருத்தத் தொடங்கும் நாள்: 27.

அவள் அதை நாலைந்து முறை படித்தாள். போனில் இன்றைய தேதியைப் பார்த்தாள். பிரவின்ராஜைப் போனில் கூப்பிட்டாள். "உடனே வீட்டுக்கு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வந்தவன் கட்டத்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். முதலில் சொன்னது, "டெலீட் பண்ணிருவோம்."

"பண்ணா?"

"நீ சொன்னதுக்கு ஆதாரம் இருக்காதுல்லா."

"பாத்தவங்க நெஞ்சுல இருக்கே. ஒரு லட்சத்து எம்பதாயிரம் பேருங்க. அதுல பாதிப் பேர் வேலைக்கே போட மாட்டான்னு வைங்க. மிச்சம் உள்ளவங்க இருபத்தேழுன்னு சும்மா உக்காந்திருப்பாங்களே."

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். பிறகு விளக்கைப் போட்டான். மூன்று திரையையும் திறந்தான்.

பன்னிரண்டு மணிக்கு நேரலையில் வந்தாள். காலையில் வருகிற கூட்டம் பகலில் எங்கே வரும்? மூன்றிலும் சேர்த்து நாற்பத்து மூன்று பேர். "நான் தேதியைத் தப்பாச் சொல்லிட்டேன். இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சே முக்காலோட முடியுது" என்று பத்து நிமிடம் திரும்பத் திரும்பச் சொன்னாள். அதை வெட்டி, 'திருத்தம்: கடைசித் தேதி இன்று' என்று எழுதிப் போட்டார்கள். ஒரு மணிக்கு அதைத் தொள்ளாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அதே நேரத்தில் பழைய சிரிப்புத் துண்டை மேலும் இரண்டாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

"அதை எடுத்திரலாமா?" என்றாள்.

"இப்ப எடுக்கக்கூடாது. ஆளு வாரதே அங்கனதான்." அந்தத் துண்டின் கீழே முதல் வரியாக, 'இது தவறு, இன்றே கடைசி' என்று எழுதி, மேலேயே நிற்கும்படி பின் செய்து வைத்தான். மூன்று இடத்திலும் அப்படியே செய்தான். அதன்பின் அவள் பக்கம் திரும்பினான். "ஜெஸ்லின், ஒண்ணு சொல்லுதேன். கோவப்படாத. திருத்தம்னு போட்டா ஒருத்தனும் நின்னு பாக்க மாட்டான். டீச்சர் ஏமாத்திட்டான்னு போட்டா பாப்பான். அடுத்தவனுக்கும் அனுப்புவான்."

ஏழு மாதமாக அவள் எழுப்பிய பெயர் அது. கடைவீதிக்குப் போனால் டீச்சர் என்று கூப்பிட்டு வழிவிடுகிறார்கள். மாமியார் வீட்டில் இப்போதுதான் அவள் பேச்சுக்குக் காது கொடுக்கிறார்கள்.

"போடுங்க," என்றாள்.

கேமரா முன்னால் உட்கார்ந்து அவளே சொன்னாள்: "இந்த டீச்சரை நம்பி நீங்க ஏமாந்துட்டீங்க. நான் நோட்டிபிகேஷனை ஒழுங்காப் படிக்காமப் பேசிட்டேன். என்னைத் திட்டணும்னா நாளைக்குத் திட்டுங்க. இன்னிக்கு அஞ்சே முக்காலுக்குள்ள அப்ளிகேஷனைப் போடுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரு இதுக்குப் படிக்காங்களோ அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்க."

அது ஓடியது. கால் மணி நேரத்தில் எட்டாயிரம். வசவும் கூடவே வந்தது. படிக்கத் தெரியாதவளெல்லாம் டீச்சரா, வியூஸுக்காகத்தான் இந்த நாடகம், உன் வீட்டுக்காரனை முதலில் உதைக்கணும். ஜெஸ்லின் ஒன்றையும் விடாமல் படித்தாள். வசவுக்கு நடுவில்தான் சந்தேகமும் கேட்கிறார்கள்; ஒன்றைத் தவறவிட்டால் ஒருவருடைய விண்ணப்பம் போய்விடும் என்ற பயம். இந்த முறை ஒவ்வொரு பதிலுக்கும் அறிவிப்பைத் திறந்து பார்த்துவிட்டே சொன்னாள்.

ஒன்றே முக்காலுக்குத்தான் ஒரு பெயர் நினைவுக்கு வந்தது. கோமதித்தாய். இளையரசனேந்தல் பக்கம் கூலி வேலை செய்கிற பெண். தினமும் காலையில் முதல் ஆளாக 'உள்ளேன் டீச்சர்' என்று எழுதுவாள். போன வாரம் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தாள். "டீச்சர், சாதிச் சான்றிதழ் இன்னும் கைக்கு வரல. இருபத்தேழு வரைக்கும் இருக்குல்லா?" ஜெஸ்லினும் பதிலுக்குக் குரல் அனுப்பியிருந்தாள்: "இருக்கும்மா. கவலையே படாதீங்க."

போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு முறை. அதேதான்.

"ஒரு ஆளுக்காகவா அம்புட்டுத் தூரம் போப்போற?" என்றான் பிரவின்ராஜ். "இங்கன ஆயிரம் பேர் கேள்வி கேக்கான்."

"ஆயிரம் பேருக்குப் பொதுவாச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு மட்டும் தனியா, பேரு சொல்லிச் சொல்லிருக்கேன். நீங்க இங்க பாத்துக்கோங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. வாயில வந்ததச் சொல்லிராதீங்க."

ஸ்கூட்டரை எடுத்தாள். ஊரைத் தாண்டியதும் கரிசல்காடு விரிந்தது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழை வந்தால் கரண்டு போகும், கரண்டு போனால் இணையம் போகும் என்று அது ஒன்றையே நினைத்துக்கொண்டு ஓட்டினாள். இரண்டு இடத்தில் நிறுத்தி நேரம் பார்த்தாள். நிறுத்தியதால் வீணான அரை நிமிடத்துக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

இளையரசனேந்தலில் ஒரு டீக்கடையில் விசாரித்தாள். "எந்தக் கோமதித்தாய்? இங்க பத்துப் பேர் இருக்காளுகளே" என்றார் கடைக்காரர்.

"பரீட்சைக்குப் படிக்கவங்க, அண்ணாச்சி."

"ஓ, காதுல வயரை மாட்டிக்கிட்டுக் களை எடுப்பாளே, அவளா?" என்று சிரித்துவிட்டு வழி சொன்னார்.

உளுந்துக் காட்டில் ஏழெட்டுப் பெண்கள் குனிந்து நின்றார்கள். வரப்பில் நின்று ஜெஸ்லின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒருத்தி நிமிர்ந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. போனில் தினமும் பார்த்த முகம் வரப்பில் வந்து நிற்பதை அவளால் நம்ப முடியவில்லை. "டீச்சர்... நீங்களா?"

"தேதி தப்பும்மா. நான் தப்பாச் சொல்லிட்டேன். இன்னிக்குத்தான் கடைசி. சான்றிதழ் வந்திருச்சா?"

"முந்தாநாளே வந்திருச்சு. நீங்கதான் இன்னும் நாள் இருக்குன்னு..." அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. அந்தப் பாதி வாக்கியம், திரையில் படித்த எல்லா வசவையும் விட ஜெஸ்லினைச் சுட்டது. கோமதித்தாய் கையிலிருந்த களைக்கொட்டைப் போட்டுவிட்டு வரப்பில் ஏறினாள். "போன்ல சார்ஜ் இல்ல டீச்சர். வீட்ல கெடக்கு. வாங்க, சான்றிதழை எடுத்துட்டுப் போவோம்."

குருவிகுளத்தில் ஒரு கணினி மையம். உள்ளே போகும்போது மணி நாலரை. ஏற்கெனவே ஐந்து பேர் நின்றார்கள். அவர்களில் ஒரு பெண் ஜெஸ்லினைப் பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்தவளிடம் குசுகுசுத்தாள். ஜெஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். மையத்துக்காரர் திரும்பாமலே சொன்னார்: "ரெண்டு மணியிலேருந்து இதே கூட்டம்தான். யாரோ ஒரு டீச்சர் தேதியை மாத்திச் சொல்லிட்டாளாம்."

"நான்தான் அண்ணாச்சி அந்த டீச்சர்," என்றாள் ஜெஸ்லின்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வரிசையில நில்லுங்க" என்றார்.

பக்கம் திறக்க மறுத்தது. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்த ஐந்து பேரும் முடித்தபோது மணி ஐந்து பத்து. கோமதித்தாயின் கையெழுத்தைப் படம் எடுத்தால் அளவு பெரிதாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியது. குறைத்தால் தெளிவாக இல்லை என்றது. வெளியே தூறல் விழ ஆரம்பித்தது. கோமதித்தாய் இரண்டு கையையும் கோத்துத் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றாள். நகக்கண்ணெல்லாம் கரிசல் மண். ஐந்து முப்பத்தொன்றுக்குத் திரையில் நீளமாக விண்ணப்ப எண் வந்தது. மையத்துக்காரர் அதை அச்செடுத்து நீட்டினார்.

கோமதித்தாய் தாளை மடிக்கவே இல்லை. கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு எண்ணை வாய்விட்டுப் படித்தாள். ஜெஸ்லின் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் காலை பிரவின்ராஜ்தான் எண்ணிக்கையைப் பார்த்துச் சொன்னான். முப்பத்தோராயிரம். "ஒத்த நாள்ல பன்னெண்டாயிரம் பேருட்டி! நீ ஒத்துக்கிட்டது சனங்களுக்குப் பிடிச்சிருக்கு." சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

அவள் கையில் ஒரு செய்தி திறந்திருந்தது. மருதப்பன் என்று ஒருவர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. 'வேலை முடிஞ்சு ஏழு மணிக்குத்தான் போன் பாத்தேன். இந்த வருசத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுது. தகவலுக்காக.' கீழே அவருடைய எண்.

"என்ன பதில் போடப்போற?" என்றான் பிரவின்ராஜ்.

"பதில் போடல. கூப்பிடுதேன்."

அவளே அழைத்தாள். எதிர்முனையில் தையல் இயந்திரச் சத்தம் கேட்டது. பெயரைச் சொன்னதும் அந்தச் சத்தம் மெல்ல விலகியது. அவர் எங்கோ வெளியே நடந்து வருகிறார் என்று தெரிந்தது.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு நெனைக்கல," என்றார் மருதப்பன்.

"என்னாலதான் உங்களுக்கு இப்படி ஆயிட்டு. மன்னிக்கச் சொல்லிக் கேக்கக்கூட எனக்கு வாய் வரல. நேத்தே உங்க கம்பெனி நேரம் தெரிஞ்சிருந்தா..."

"அதெப்படித் தெரியும்? நான் ஒருநாளும் கமெண்ட் போட்டதில்லயே. சும்மா பாத்துட்டுப் போறவன்தான்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ராத்திரி பூரா உங்களைத் திட்டணும்னுதான் இருந்தேன். இப்ப திட்ட வரல. ஆனா பரவால்லன்னும் சொல்ல மாட்டேன், டீச்சர். பரவால்லன்னு இல்ல."

"சொல்ல வேண்டாம்," என்றாள் ஜெஸ்லின். "உங்க படிப்பு, வயசு, எல்லாம் சொல்லுங்க. வயசு வரம்பு கூடுதலா உள்ள வேலை வேற ஏதாவது இருக்கான்னு பாக்குதேன். இருக்குன்னு இப்ப சொல்லமாட்டேன். படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அவர் யோசித்தார். பிறகு பிறந்த தேதியைச் சொன்னார். ஜெஸ்லின் அதைத் தாளில் எழுதினாள். சரிதானா என்று அவரிடமே ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்டினாள்.