மேல் மாடியிலிருந்து இறங்கிய சாக்கு

ஊரில் பாதிக் கட்டடங்களுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், சொந்தப் பாட்டியை முதுகில் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறினால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? சிரித்தார்கள். தரைத்தளத்துத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டே சிரித்தார். பேரன் என்ன செய்வான், பாவம். அவர்கள் குடியிருந்த கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் காலத்தில் லிஃப்ட் என்ற பேச்சே கிடையாது. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பாட்டியோ அவன் முதுகில் சவாரி செய்துகொண்டு, "மெதுவாடா, நீ பார்க்கிற லிஃப்ட் எல்லாம் இப்படித்தான் குலுங்குமா?" என்று வழிநெடுகக் குறை சொல்லிக்கொண்டு வந்தாள்.

அவள் வீடு வந்து சேர்ந்த அன்றே பெரியப்பா போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெரியப்பா பாட்டியின் மூத்த மகன். நல்ல மனுஷர்தான், அம்மா என்றால் உயிர். அதுதான் தொல்லையே. "மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வர்றேன். அதுக்குள்ள அம்மா தன் கால்ல இறங்கி ஏறணும். இல்லன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன். என் வீட்டுல படியே கிடையாது."

படி கிடையாது, வாஸ்தவம். பேச்சும் கிடையாது. மத்தியானம் எல்லோரும் கட்டாயம் தூங்க வேண்டிய வீடு அது. பாட்டியோ சின்னப் பெண்ணாக இந்த மூன்றாம் மாடிக்கு வந்தவள். கல்யாணம், பிள்ளைகள், சண்டை, சமாதானம் எல்லாம் இங்கேதான். பேரனுக்கும் வேறு போக்கிடம் இல்லை. அப்பா அம்மா வேலைக்காக வெளியூர் போய் எத்தனையோ காலமாயிற்று. வேலை முடிந்து கதவைத் திறந்தால், "எண்ணெய்க் கையோட எதையும் தொடாதே" என்று கத்த ஒரு ஆள் வேண்டும் அல்லவா. அந்தக் குரல் இல்லாத வீட்டை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

நடைப்பயிற்சி கொடுக்க ஒரு பிஸியோதெரபிஸ்ட் தினமும் சாயங்காலம் வந்தாள். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு "ஒன், டூ, ஒன், டூ" என்று எண்ணிக்கொண்டே நடத்துவாள். முதல் நாளே பாட்டி அவளுக்கு 'ஒன்டூ' என்று பெயர் வைத்துவிட்டாள். ஒன்டூ கோபித்துக்கொள்ளவில்லை. "டூத்ரீன்னு வைக்காம விட்டீங்களே பாட்டி" என்றாள். அப்போதுதான் பாட்டிக்கு அவளைப் பிடித்துப்போனது. அதற்கும் முன்னாலேயே பேரனுக்குப் பிடித்துப்போயிருந்தது என்பது வேறு விஷயம். மோட்டார் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்கிறவன், அவள் எதிரில் நின்றால் "தண்ணி வேணுமா?" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச மாட்டான். சரியான ஊமைக்கோட்டான்.

பயிற்சி என்றால் பாட்டிக்குப் பாகற்காய். "கால் வலிக்குது, நாளைக்குப் பார்க்கலாம்" என்று உட்கார்ந்துவிடுவாள். ஒன்டூ ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"பாட்டி, உங்களுக்கும் தாத்தாவுக்கும் எப்படிக் கல்யாணம் ஆச்சு? நடந்துக்கிட்டே சொல்லுங்க. நின்னா கதையும் நின்னுடணும்."

கதை சொல்லச் சொன்னால் பாட்டி விடுவாளா? வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தாள்.

"அப்போ போர் வந்துடுச்சு. இருட்டினா விமானம் வந்து குண்டு போடும். ஜன்னல்ல ஒரு கீத்து வெளிச்சம் தெரியக் கூடாதுன்னு உத்தரவு. எல்லா வீட்டுலயும் கறுப்புத் துணி கட்டியாச்சு. அதைப் பார்க்கறதுக்குன்னே தெருத்தெருவா ஒரு வார்டன் சுத்துவான். நல்ல உயரம், முறுக்கு மீசை, கையில டார்ச். எந்த வீட்டுல வெளிச்சம் தெரியுதோ அங்க ஏறி வந்து, கதவைத் தட்டி, லபோதிபோன்னு கத்துவான். எங்க தெருப் பொண்ணுங்க எல்லாம் அவன்கிட்ட திட்டு வாங்கத் தவம் கிடந்தோம்."

"நீங்களுமா?" என்றாள் ஒன்டூ.

"நான்தான் முதல் ஆள். துணியோட ஓரத்தைக் கொஞ்சம் தூக்கி விட்டேன்."

"குண்டு விழுந்திருந்தா?" என்றான் பேரன்.

"அந்த வயசுல குண்டெல்லாம் அடுத்தவங்க தலையிலதான்டா விழும்னு நினைப்பு. ஒரு தடவை வந்தான், திட்டினான், எனக்கு ஜென்ம சாபல்யம். அடுத்த நாளும் துணியைத் தூக்கிவிட்டுட்டு, தலையைச் சீவிக்கிட்டு உக்காந்திருக்கேன். மேல இருந்து ஒரு கோணிச் சாக்கு கயித்துல இறங்குது. என் ஜன்னலை வெளியில இருந்து பொத்துனாப்ல மூடிடுச்சு. வார்டன் பாட்டுக்குத் தெருவோட போயிட்டான்."

பாட்டி நின்றாள். கதையும் நின்றது. "கால் வலிக்குது. மீதி நாளைக்கு."

இப்படித்தான் தினமும். நாலாம் மாடியில் குடியிருந்த ஆள், ராணுவத்துக்கு பூட்ஸ் தைக்கும் ஆலையில் வேலை பார்த்தவன், கீழ் வீட்டு வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுவதைப் பார்த்துவிட்டு இந்தச் சாக்கு வைத்தியத்தைச் செய்திருக்கிறான். பாட்டி ஓரத்தைத் தூக்குவாள், சாக்கு இறங்கும். அவள் கீழே இழுப்பாள், அவன் மேலே இழுப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாமல் பாட்டி தன் அறுந்த செருப்பை அந்தச் சாக்கில் கட்டி அனுப்பியிருக்கிறாள்.

"செருப்பையா பாட்டி?" ஒன்டூ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பின்னே பூவா அனுப்புவாங்க? மானம் ரோஷம் இருந்தா அதோட விட்டுடுவான்னு நினைச்சேன். மறுநாள் சாக்கு வந்தது. அதுல என் செருப்பு. வார் தைச்சு, அடியில ஆணி அடிச்சு, பாலிஷ் போட்டு. கடையில வாங்கினப்பகூட அது அப்படிப் பளபளக்கல. நான் என்ன பண்ணுவேன், அடுத்த காலையும் அனுப்பிட்டேன்."

பேரன் சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தான். அவனுக்குத் தெரிந்த தாத்தா வாயைத் திறக்காத மனுஷர். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து எதையாவது பழுது பார்த்துக்கொண்டே இருப்பார். அந்த மனுஷரா கயிற்றில் சாக்கு விட்டவர்? சிரித்து முடித்து நிமிர்ந்தால் ஒன்டூவும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் உடனே, "தண்ணி வேணுமா?" என்றான். பாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

கதை வளர்ந்ததே தவிர கால் வளரக் காணோம். கூடத்தில் நன்றாக நடப்பாள், படி என்றதும் முதல் படியிலேயே "ஐயோ, முட்டி" என்று உட்கார்ந்துவிடுவாள். பெரியப்பா விசாரித்தபோது ஒன்டூ போனில், "முன்னேற்றம் கொஞ்சம் மெதுவாத்தான் இருக்கு சார், தினமும் வந்தாகணும்" என்றாள். பெரியப்பா தன் வீட்டில் அம்மாவுக்கென்று ஒரு அறையை வெள்ளையடிக்க ஆரம்பித்துவிட்டார். பேரனுக்கு வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கதவைச் சரிசெய்துவிட்டு, தன் டார்ச்சை உள்ளேயே விட்டுவிட்டு வந்தான்.

வேறு டார்ச் எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்தவன் தரைத்தளத்திலேயே நின்றுவிட்டான். மேலே படியில் கைத்தடிச் சத்தம். டக், காலடி, காலடி. டக், காலடி, காலடி. ஒரே சீராக, எண்ணெய் போட்ட மெஷின் போல. தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டாம் மாடியைத் தாண்டி, கையில் யாருடைய வீட்டிலோ வாங்கிய கிண்ணத்தோடு, வாய்க்குள் பாட்டு முணுமுணுத்தபடி ஏறிக்கொண்டிருந்தாள் அவன் பாட்டி.

"பாட்டி."

பாட்டி சட்டென்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, முட்டி" என்றாள்.

"காதுல பூ சுத்தாதீங்க. எத்தனை நாளா நடக்குது இந்த நாடகம்?"

"ஒரு வாரமா."

அவனுக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. "பெரியப்பா ஞாயித்துக்கிழமை வந்து உங்களைக் கூட்டிட்டுப் போயிடுவாரு பாட்டி. விளையாட்டா உங்களுக்கு? நீங்க போயிட்டா நான் இங்க தனியா என்ன பண்ணுவேன்?" சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

பாட்டி அவன் கன்னத்தைத் தட்டினாள். "குடைக் கதையை இன்னும் சொல்லலையே. சாயங்காலம் சொல்றேன், உன் காதை நல்லாத் திறந்து வெச்சுக்கிட்டுக் கேளு."

சாயங்காலம் சொன்னாள். செருப்புக்கு அப்புறம் பிடி போன வாணலி, கால் ஆடிய முக்காலி, ஓடாத கடிகாரம் என்று வீட்டில் பழுதான சாமானெல்லாம் சாக்கில் ஏறி, புதுசாக இறங்கியதாம். பேச்சு ஒரு வார்த்தை கிடையாது. கடைசியில் பழுதான சாமானே வீட்டில் தீர்ந்துவிட்டது.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றாள் ஒன்டூ.

"நல்லா இருந்த குடையை எடுத்தேன். முட்டியில வெச்சு ரெண்டா உடைச்சேன்." பாட்டி தன் இடுப்பை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேரனைப் பார்த்தாள். "சாமான் நல்லாயிட்டா அப்புறம் எப்படி வர்றது, போறது?"

பேரனுக்குக் காது மடல் சூடேறியது. ஒன்டூ எதுவும் புரியாதவள் போல வாக்கரின் திருகைத் திருகிக்கொண்டிருந்தாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. எலும்பையும் தசையையும் படித்தவளுக்கு, ஒரு கால் நிஜமாக வலிக்கிறதா நடிக்கிறதா என்று தெரியாதா? அன்றைக்கே பேரன் பெரியப்பாவுக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளிலிருந்து சாயங்காலம் ஒன்டூ வந்து கதவைத் தட்ட மாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா மடக்கு நாற்காலியோடு வந்தார். மூன்று மாடி ஏறி வந்ததில் அவருக்கே மூச்சு வாங்கியது. ஒன்டூவையும் வரச் சொல்லியிருந்தார்.

"அம்மா, இந்தப் படியில உங்களை விட்டுட்டு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. கிளம்புங்க."

"ஏறிக் காட்டினா விட்டுடுவியா?"

"கூடத்துல நடக்கறதைச் சொல்லல. கீழ வரைக்கும் இறங்கி, யார் கையையும் பிடிக்காம வீடு வரைக்கும் ஏறணும்."

பாட்டி கைத்தடியை எடுத்தாள். இறங்குவது அல்வா மாதிரி முடிந்தது. தையல்காரர் எழுந்து நின்று வணக்கம் போட்டார். ஏறும்போது முதல் மாடி தாண்டியது. இரண்டாம் மாடி மேடையில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"ஐயோ, முட்டி," என்றாள் மெதுவாக.

பேரனுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது போய் நடிப்பா? ஆனால் ஒன்டூ சிரிக்கவில்லை.

"இது நிஜம்டா," என்றாள் பாட்டி. ஒரு வாரமாக இறங்கி ஏறிய தெம்பில் அன்று காலை யாருக்கும் தெரியாமல் ஒத்திகை வேறு பார்த்திருக்கிறாள், கிழவி. கால் சுத்தமாக ஓய்ந்துவிட்டது.

பெரியப்பா நாற்காலியைப் பிரித்தார். ஓடிப்போய்த் தூக்கிவிடத்தான் பேரனுக்குக் கை துடித்தது. தொட்டால் தோற்றது பாட்டிதான். ஒரே ஒரு வழிதான் அவனுக்குத் தோன்றியது.

"பாட்டி, குடை மேல போச்சா, இல்லையா?"

பாட்டி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள்.

"போகல," என்றாள். "அன்னிக்குச் சாக்கே வரல." ஒரு படி ஏறினாள். "உடைஞ்ச குடையை வெச்சுக்கிட்டு ஜன்னல்கிட்டயே நிக்கிறேன். வெளிச்சம் பாட்டுக்கு எதிர்ச் சுவர்ல விழுது. மேல சத்தமே இல்ல." இன்னொரு படி. ஒன்டூ அவளுக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். "வார்டன்தான் ஏறி வந்தான். கத்தறான். எனக்கு ஒண்ணும் காதுல ஏறல. மேல் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டேன். பூட்ஸ் ஆலை மேல குண்டு விழுந்ததும்மா, தெரியாதான்னான்."

 பெரியப்பா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். அவருக்கும் இந்தக் கதை புதுசு.

"நான் ஏறினேன். ஒரே இருட்டு. கைப்பிடியைத் தடவித் தடவி ஏறினேன். உயிரோட இருக்கணும், இருக்கணும்னு ஒவ்வொரு படிக்கும் சொல்லிக்கிட்டே ஏறினேன்."

மூன்றாம் மாடி வந்தது. வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. பெரியப்பா, "அம்மா, வீடு" என்றார். பாட்டி காதில் விழவில்லை. கதவைத் தாண்டி ஏறிக்கொண்டே போனாள். பேரன் பெரியப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான்.

நாலாம் மாடியில், பழைய கதவுக்கு முன்னால் போய்த்தான் நின்றாள். கையை நிலையில் வைத்துக்கொண்டாள்.

"கதவு தாழ் போடல. தள்ளினேன். கையில கட்டுப் போட்டுக்கிட்டுப் படுத்திருக்காரு. பக்கத்துல சாக்கு. ஒத்தைக் கையால கயிறு கட்டப் பார்த்து முடியல. என்னைப் பார்த்தாரு. அதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசாத மனுஷன், முதல் முதலாப் பேசினாரு." பாட்டியின் கண் நிறைந்துவிட்டது, ஆனாலும் சிரித்தாள். "துணியை இழுத்து விட்டுட்டு வந்தியான்னாரு."

"விட்டிருந்தீங்களா?" என்றாள் ஒன்டூ. அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"எங்க விட்டேன். வார்டன்தான் கீழ நின்னு இழுத்து விட்டிருக்கான், பாவம்."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. இப்போது குடியிருக்கிறவர் முகமெல்லாம் ஷேவிங் நுரையோடு எட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்லப்பா, இந்தப் பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு," என்றாள் பாட்டி.

பெரியப்பா மடக்கு நாற்காலியை மடக்கினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "தோத்துட்டேன்மா. கேட்டதுக்கு மேல ஒரு மாடி ஏறிட்டீங்க. அந்த அறையில நானே படுத்துக்கறேன்." பிறகு, யார் மேலும் ஒரு கெட்ட எண்ணமும் இல்லாத குரலில், "இனிமே பயிற்சி தேவையில்ல பாருங்க. நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம்மா. ரொம்ப நன்றி," என்று ஒன்டூவிடம் சொன்னார்.

ஒன்டூ தலையாட்டினாள். தோளில் கிடந்த பையைச் சரிசெய்துகொண்டாள். இரண்டு படி இறங்கிவிட்டாள். பாட்டி பேரனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும்.

"ஒரு நிமிஷம்," என்றான் அவன்.  தண்ணீர் வேண்டுமா என்றுதான் வாயில் வந்தது, அதை விழுங்கினான். "எனக்கு முதுகு பிடிச்சிருக்கு. பாட்டியைத் தூக்கினதுல. நாளைக்குச் சாயங்காலம் வர முடியுமா?"

ஒன்டூ திரும்பி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்தப் பக்கம் வலி?"

"நீங்க எந்தப் பக்கம் சொல்றீங்களோ அந்தப் பக்கம்."

"தினமும் வர வேண்டியிருக்கும். முன்னேற்றம் மெதுவாத்தான் இருக்கும்," என்றாள் அவள், சிரிப்பை அடக்க முடியாமல்.

பெரியப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன்டா, நான் வந்தப்பகூட என் நாற்காலியை ஒத்தைக் கையால தூக்கி ஓரமா வெச்சியே. நல்லாத்தானே இருந்த?"

"நீ சும்மா இருடா பெரியவனே," என்றாள் பாட்டி, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கத் தயாராகி. "குடையும் நல்லாத்தான் இருந்துச்சு."