உப்புநீர் மாப்பிள்ளைகள்

மூன்று வருட ஆய்வு ஒருவழியாக முடிந்துவிட்டது. மாரடைப்பில் இதயத் தசை சாவதை மெலடோனின் குறைக்கும் என்று நிரூபிக்க மல்லுக்கட்டியவள், குறைக்காது என்று எழுதி முனைவர் பட்டம் வாங்கப்போகிறாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றுமில்லை. ஜூனுக்குள் பட்டம் கைக்கு வந்தால் கல்லூரியில் வேலை. வராவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருத்தி.

மெலடோனின் இருட்டில் உடம்பே சுரந்துகொள்ளும் பொருள். எனவே இருபத்து நான்கு எலிகளையும் ஒரு வாரம் அணையாத விளக்கின் கீழ் வைத்துச் சொந்தச் சுரப்பை அடக்கினாள். பன்னிரண்டுக்குத் தினமும் மெலடோனின் ஊசி, ஒப்பிட்டுப் பார்க்க மீதிக்கு வெறும் உப்புநீர் ஊசி. பிறகு இதய ரத்தக்குழாயைக் கட்டி மாரடைப்பை வரவழைத்து, செத்த தசையை அளந்தாள். இரண்டு வரிசையிலும் சேதம் ஒரே அளவு. பேராசிரியர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

விலங்குக்கூடத்துப் பராமரிப்பாளரிடமும் ஒரு கையெழுத்து பாக்கி. எலிகளை "வாங்க மாப்பிள்ளை" என்று அழைப்பவர் என்பதால் அவருக்கு மாமனார் என்றே பெயர். அவள் போனபோது கறுப்புத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன இது, மாமனாரே?"

"போர்வைம்மா. நம்ம உப்புத்தண்ணி மாப்பிள்ளைங்களுக்குப் போட்டது."

"போட்டதா? எப்ப?"

"சாயங்காலம் நீங்க கிளம்புனதும் கூண்டு மேல போட்டுருவேன். காலைல நீங்க வர்றதுக்குள்ள எடுத்துருவேன். ஏழு நாளும் தவறல."

"ஐயோ, எதுக்கு?"

"அந்த வரிசைக்கு மருந்து. இந்த வரிசைக்கு வெறும் தண்ணி, அதுக்கு மேல கொளுத்துற லைட்டு வேற. மாப்பிள்ளைங்களுக்குள்ள இப்படி ஓரவஞ்சனை பண்ணலாமா?"

அவள் பக்கத்திலிருந்த தீவன மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். மருந்து தோற்கவில்லை போலிருக்கிறது. எதிர் வரிசையில் மாமனார் போர்வை இருட்டிலேயே இலவசமாக இன்னொரு மெலடோனின் மருந்துக்கடை திறந்திருக்கிறார்.

பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"யாருக்கெல்லாம் தெரியும்?" என்றார் அவர்.

"அவருக்கும் எனக்கும். இப்ப உங்களுக்கும், சார்."

"அப்ப மூணு பேரோட போகட்டும். ஜூன்ல வேலை இருக்குல்ல? எதுக்கும்மா உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கற?"

நியாயமான கேள்வி. அதை யோசித்துக்கொண்டே ஆய்வேட்டைத் திறந்தாள். 'எல்லாக் கூண்டுகளும் ஏழு நாளும் முழு வெளிச்சத்தில் இருந்தன' என்ற வரியைத் தானே எழுதியிருந்தாள். அழித்தாள். அதற்குப் பின்னால் இருந்த நாற்பது பக்கமும் அந்தரத்தில் நின்றன. ஒரு வருட நீட்டிப்புக்கு விண்ணப்பம் எழுதினாள். நாற்காலி போயிற்று.

மறுநாள் மாமனாரிடம் புதுத் திட்டத்தை விளக்கினாள். இந்தத் தடவை மூன்று வரிசை: ஒன்றுக்கு மருந்து, ஒன்றுக்குப் போர்வை. தன் போர்வை ஆராய்ச்சியில் ஏறிவிட்டதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

"மூணாவது வரிசைக்கு?"

"உப்புத்தண்ணியும் லைட்டும் மட்டும்."

"மருந்தும் இல்ல, போர்வையும் இல்லையா?"

"இல்ல."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்ப அந்த ஒரு வாரம் நான் லீவும்மா. பொண்ணு வீட்டுக்குப் போறேன்."

"ஒரு வாரம் போதாது, ரெண்டு வாரமா போடுங்க" என்று சொல்லி, விடுப்பு விண்ணப்பத்தை அவளே உட்கார்ந்து எழுதிக்கொடுத்தாள்.