அங்கம்மாவின் தண்ணீர் முறை

குத்தம்பாக்கத்து ஏரிக்கரையில் அந்தக் கைதி முகாமைப் போட்டபோது அதைக் கேலி செய்தவர்களில் நான்தான் முதல் ஆள். சுவர் கிடையாது, கம்பி கிடையாது. நாலு கீற்றுக் கொட்டகை, முப்பது கைதி, காவலுக்கு வார்டர் வரதன் என்கிற நான். ஜெயிலை மாமியார் வீடு என்று கேலியாகச் சொல்வார்கள்; இது நிஜமாகவே மாமியார் வீடுதான். புது ஜெயிலருக்கு மனிதர்களை நம்பிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நம்புவது அவர், அடிபடப்போவது நான் என்று தினமும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

1938 பங்குனி மாதம். ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது; நவரை நெல் கதிர் விடும் நேரம். மதகைக் கைதிகள் பழுது பார்த்ததால் அதைத் திறந்து மூடும் வேலையும் அவர்களிடமே இருந்தது. ஜெயிலர் அதைத் தேவராஜிடம் ஒப்படைத்தார். அவன் அதே ஊர்க்காரன், தண்ணீர் முறை தெரிந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் இதே மதகுக்குக் கீழே, தண்ணீர்த் தகராறில், சின்னப்பையன் என்பவனை மண்வெட்டியால் அடித்துக் கொன்று ஏழு வருஷத் தண்டனை வாங்கியவனும் அவன்தான். செத்தவனின் பெண்டாட்டி அங்கம்மா இன்னும் அந்த அரைக்காணிக் கழனியைப் பயிர் செய்துகொண்டிருந்தாள். "வேறு இடத்துக்குப் போகிறாயா என்று கேட்டுப் பார்த்தேன், இங்கேயே இருக்கிறேன் என்கிறான்" என்றார் ஜெயிலர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ஊரில் முறையைச் சொல்வது நிழல். கரைமேல் ஒரு கழி நட்டுச் சுற்றிலும் கல் பதித்திருப்பார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நிழல் போகும்வரை ஒருவர் முறை. முறைக்காரர் வந்து வாய்க்காலில் இறங்கித் தானே மடை வெட்டிக்கொள்ள வேண்டும். வராவிட்டால் தண்ணீர் அடுத்த கழனிக்குப் போய்விடும். கொலை நடந்த அன்றைக்குச் சின்னப்பையனின் முறை முடிய ஒரு சாண் நிழல் இருக்கும்போதே தேவராஜ் தன் மடையை வெட்டிவிட்டான். ஒரு சாண் நிழலுக்கு ஒரு உயிர் போயிற்று.

அங்கம்மா மூன்று முறைக்கு வரவில்லை. கொலைகாரன் திறந்துவிடும் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். மூன்றும் அடுத்த கழனிக்காரர் மணவாளனுக்குப் போயின. அவள் பயிர் நுனி கருகி நின்றது. இன்னொரு முறை தவறினால் அத்தனையும் பதர்தான்.

நாலாம் முறைக்கும் அவளைக் காணோம். மணவாளன் தயாராக நின்றார். தேவராஜோ மதகை மூடிவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"இன்னாடா, தொறடா!" என்றார் மணவாளன்.

"அந்தம்மா நெழலு இன்னும் கீது. முடிஞ்சப்புறம் உங்களுக்குத் தொறக்கிறேன்."

"வராதவளுக்கு இன்னாடா மொற?"

"வரட்டும், வராம போவட்டும். அந்தத் தண்ணிய வேற யாருக்கும் வுட மாட்டேன்."

பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஜெயிலர் பூந்தமல்லிக்குப் போயிருந்தார். ஊரார் புகார் செய்தால் கைதி மறுநாளே சுவர் வைத்த ஜெயிலுக்குத் திரும்ப வேண்டும் என்பது முகாமின் சட்டம்.

"டேய், மூணு வருசம் பாக்கி கீதுடா உனக்கு. உள்ள போயி கல்லு ஒடைக்கப் போறியா? தொற!" என்று மிரட்டினேன்.

அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மணவாளன் அவன் கழுத்தைப் பிடித்தார். தேவராஜின் கை பக்கத்திலிருந்த மண்வெட்டிக்குப் போயிற்று. அவன் அதை எடுத்து ஏரிக்குள் வீசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடி விழுந்தது. அவன் மதகைவிட்டு நகரவில்லை.

"வுடு அண்ணாத்தே."

அங்கம்மா நின்றுகொண்டிருந்தாள். கீழே வரப்பிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள், கையில் மண்வெட்டி. கழியின் நிழலை ஒருதரம் பார்த்தாள்.

"என் மொற இன்னும் முடியலியே" என்றாள்.

வாய்க்காலில் இறங்கித் தன் மடையைத் தானே வெட்டினாள். தேவராஜ் மதகைத் திறந்தான். அந்த வெடித்த கழனிக்குள் தண்ணீர் போவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். புகார் சொல்லாமல் விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே மணவாளன் போய்விட்டார்.

அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. நல்ல வார்த்தை சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கவலப்படாதம்மா, நாளைக்கே இவன ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்க. நீ இவன் மூஞ்சில முழிக்க வேணாம்" என்றேன்.

அவள் என்மேல் எரிந்து விழுந்தாள்.

"யாரு கேட்டா உன்ன? அனுப்பக் கூடாது. ஜெயிலரய்யா வரட்டும், நானே சொல்றேன். அங்க போனா சொவத்தப் பாத்துகினு எல்லாத்தியும் மறந்துடுவான். மூணு வருசமும் இங்கியே கெடக்கட்டும். ஒவ்வொரு மொறைக்கும் நான் வருவேன். எங்க ஊட்டுக்காரரு நின்ன எடத்துல நான் ஒண்டியா நின்னு மடை வெட்டுறத அவன் பாக்கணும்."

மதகின்மேல் தேவராஜ் வாய்விட்டு அழுதான். என் உத்தியோகத்தில் எத்தனையோ கைதிகளை அடித்திருக்கிறேன். ஒருவன்கூட இப்படி அழுது நான் பார்த்ததில்லை.